முன்னால் நடப்பவளின் ரொட்டி

தார்வாட்
ஜூன் 12

ஸ்பூர்த்தி,

நம் கம்ப்யூட்டர் விளையாட்டின் திரைகளை நீ அச்செடுத்து அனுப்பிய படங்கள் பஸ் பார்சலில் வந்தன. நான்கு தாளையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். யாரோ பொருட்காட்சிக்கு அடித்த விளம்பரம் உறை மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒரு மூலையில் நம் பெண் நிற்பது தெரிந்தது, தலையில் ரொட்டிக் கூடையோடு. அவளை உருவாக்கிய எனக்கே தேடித்தான் கிடைத்தாள்.

எண்ணினேன். முதல் லெவலின் முதல் திரையில் மட்டும், நான் வைக்காத பொருள்கள் பதினான்கு. பானை ஆறு. ஆடு மூன்று. அம்புக்குறி போட்ட பலகை இரண்டு. சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று. கட்டிலில் ஒரு கிழவர். கிளி ஒன்று, அதுவும் பேசுகிற கிளி. “மெதுவாக நட, தோழி” என்கிறது. எந்தக் கிளி யாரைத் தோழி என்று கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாய்?

பானையை உடைக்க முடியுமா? முடியாது. எடுக்க முடியுமா? அதுவும் முடியாது. பிறகு எதற்கு? “காலியாகத் தெரிந்தது” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். காலியாகத் தெரிந்ததால் பானை வைப்பவர்களுக்குக் கல்யாண மண்டபத்தில் வேலை இருக்கிறது.

நான் செய்து வைத்துவிட்டு வந்த லெவலில் மூன்றே விஷயங்கள். வயலில் பசியோடு இருக்கும் புருஷனுக்கு ரொட்டி கொண்டுபோகிற பெண், வாய்க்கால், நாய். அம்புக்குறிக் கீயைத் தட்டினால் நடப்பாள், அழுத்திப் பிடித்தால் ஓடுவாள். ஓடினால் கூடை சாயும், ரொட்டி விழும், நாய் வந்து வழிமறித்துத் தின்னும். மெதுவாக நடந்தால் நாய் தலையைக்கூடத் தூக்காது. புதிதாக விளையாடுகிறவர் ஒருமுறை ஓடித் தோற்பார், மறுமுறை புரிந்துகொள்வார். இதைச் சொல்லித்தர ஒரு கிளி தேவையா?

ஜூலை இருபதாம் தேதி புனேக்காரர்கள் பார்க்கப்போவது இந்த முதல் லெவலைத்தான். பிடித்தால் விளையாட்டை வெளியிடுவார்கள், இல்லாவிட்டால் நாம் கடையைக் கட்டலாம். அவர்கள் பார்ப்பது என் லெவலாக இருக்கட்டும். உன் பதினான்கையும் எடுத்துவிடு.

ஏன் கையால் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. லேப்டாப்பும் போனும் அம்மாவின் பீரோவுக்குள். “பச்ச உடம்புக்காரி, அந்த வெளிச்சத்தப் பாத்தா கண்ணு போயிடும். அஞ்சு மாசம் கழிச்சு என்ன வேணா பாரு” என்று சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டுவிட்டாள். தலையைச் சுற்றித் துணி, காதில் பஞ்சு. பாப்பாவுக்கு ஒரு மாதம் ஆகிறது. பால் போதவில்லையோ என்று பயம். தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறேன்.

வனமாலா


பெங்களூரு
ஜூன் 17

வனமாலா மகாராணிக்கு,

நான் கையால் எழுதிப் பத்து வருஷம் இருக்கும். எழுத்து கோணலாக இருந்தால் அதையும் எண்ணிச் சொல்.

உன் மூன்று விஷயங்களை வைத்துக்கொண்டு நான் என்ன பாடுபட்டேன் என்று கேட்டாயா? கேட்கமாட்டாய். நீ செய்துவிட்டால் அது முடிந்தது, தவறு உலகத்தின் மேல். ஏழு பேரை உட்கார வைத்து உன் லெவலை விளையாட விட்டேன். வீட்டு ஓனர் மனைவி ஜெயம்மா நான்கு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, “ஏம்மா, இது ஆரம்பிச்சிடுச்சா?” என்றார். கீழே தையல் கடை மஞ்சப்பா ஓடினார், ரொட்டி விழுந்தது, நாய் வந்தது. “நாய் ஜெயிச்சிடுச்சு” என்று எழுந்து போய்விட்டார். மறுமுறை புரிந்துகொள்வார் என்கிறாயே, அந்த மறுமுறை என்பது உன் கற்பனையில் மட்டும்தான் இருக்கிறது. ஏழில் ஐந்து பேருக்கு மறுமுறையே கிடையாது.

யாரும் விளையாடி நீ பார்த்ததே இல்லை. காலேஜில் இருந்தே அப்படித்தான். கட்டம் போட்ட தாளில் வரைவாய், தூரத்தில் வைத்து ரசிப்பாய். அடுத்தவர் கை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். ரசிக்க நீ ஒருத்தி போதும் என்றால் பெங்களூரில் எதற்கு அறை, எதற்குப் பெயர்ப் பலகை?

என் பதினான்கு பொருள்களால் திரையில் உயிர் இருக்கிறது. கிளி பேசுகிறது, ஜனங்கள் கேட்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று அழாதே. புனேக்காரர்கள் என் லெவலை எடுத்துக்கொண்டால் உன் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைப்பேன். ஹாசனிலிருந்து ஒருத்தி வேலை கேட்டு எழுதியிருக்கிறாள். நீ ஐந்து மாதம் என்று சொல்லிப் போனாய். எங்கள் சித்தி மகளும் ஐந்து மாதம் என்றுதான் போனாள். இப்போது அவள் பிள்ளை மூன்றாவது படிக்கிறான், இவள் அவனுக்கு டிபன் கட்டுகிறாள். உன் லெவல் ஜெயித்தால் நாற்காலி உன்னுடையது. ஜெயிக்கட்டும், பார்க்கலாம்.

குழந்தை நன்றாக இருக்கட்டும். மூச்சு தானாக வரும், நீ விரல் வைக்க வேண்டாம்.

ஸ்பூர்த்தி


தார்வாட்
ஜூன் 23

ஸ்பூர்த்தி,

என் நாற்காலியைப் பற்றிப் பேச நீ யார்? அந்த அறைக்குப் பெயர் வைத்தவள் நான். ரொட்டிக் கூடை என்ற விளையாட்டையே யோசித்தவள் நான். நீ அதற்குக் கை கால் அசைய வைத்தாய், சரி, நன்றாகவே செய்தாய். அதனால் எங்கே எதை வைப்பது என்ற அறிவும் வந்துவிட்டது என்று யார் சொன்னது? ஹாசன்காரியை நாளைக்கே கூப்பிடு. அவள் இன்னும் ஆறு பானை வைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து சந்தை நடத்துங்கள்.

உன் ஏழு பேர் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது. என் லெவல் சரி என்பதை இங்கேயே காட்டுகிறேன். கட்டம் போட்ட தாளில் முழு லெவலையும் வரைந்துவிட்டேன். பெண்ணுக்குப் பதில் சட்டைப் பொத்தான். நாய்க்கு ஒரு புளியங்கொட்டை. கூடை சாய்வதை நானே வாயால் சொல்லிக்கொள்வேன். எனக்கும் பாப்பாவுக்கும் வெந்நீர் ஊற்ற நீலவ்வா என்று ஒருத்தி வருகிறாள். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. நாளைக் காலை அவளை விளையாட வைக்கப்போகிறேன்.

*

மேலே எழுதியதை மூன்று நாள் அப்படியே மடித்து வைத்திருந்தேன். கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கிழித்தால் நீ சொன்னபடி ஆகிவிடும், தவறு உலகத்தின் மேல். அதனால் கிழிக்கவில்லை.

நீலவ்வா விளையாடினாள். பொத்தானைப் பிடித்து வாய்க்கால் வரைக்கும் ஒழுங்காக வந்தாள். எதிரில் புளியங்கொட்டை. நின்றுவிட்டாள். நானும் காத்திருந்தேன். பாப்பா பால் குடித்து முடித்தாள், ஏப்பம் விட்டாள். பொத்தான் நகரவில்லை.

“என்ன நீலவ்வா, ஆடு.”

“நாய் போவட்டும்.”

“அது போகாது.”

“போவாட்டி நானும் போவல. தலையில ரொட்டிய வச்சுக்கிட்டு நாய்கிட்ட எவளாவது போவாளா? உங்க பெங்களூர்ல போவாங்களா இருக்கும்.”

“மெதுவா நடந்து போனா அது ஒண்ணும் பண்ணாது.”

“அது எனக்கெப்படித் தெரியும்? நாய் சொல்லுச்சா?”

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நாய் ஒன்றும் செய்யாது என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அதை நான் எங்கேயும் வைக்கவே இல்லை. உன் ஜெயம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்கு அர்த்தம் இருந்திருக்கிறது. இதை ஒருமுறைதான் எழுதுவேன், திரும்பக் கேட்காதே.

அதற்காக உன் கிளியை ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. சொல்வதல்ல, காட்டுவது. ஒரே ஒரு ஆளைச் சேர். நம் பெண்ணுக்கு முன்னால், தலையில் கூடையோடு இன்னொரு பெண், வயசானவள், வயலுக்குப் போகிறாள். திரை திறக்கும்போதே அவள் மெதுவாக நடந்துகொண்டிருக்க வேண்டும். வாய்க்காலை ஒட்டி, நாயைத் தாண்டிப் போக வேண்டும். நாய் தலை தூக்காது. பார்க்கிறவர் அவளைப் பார்த்தால் போதும். அவள் பேசமாட்டாள், திரும்பமாட்டாள், கை காட்டமாட்டாள். திரையின் ஓரத்தில் மறைந்துவிடுவாள். தாளில் ஒரு மிளகாய் விதையை முன்னால் நடத்திக் காட்டினேன். நீலவ்வா பின்னாலேயே வந்துவிட்டாள். “இத மொதல்ல சொல்லியிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்” என்றாள்.

மற்றதையெல்லாம் எடு.

பாப்பா எடை கூடவில்லை. டாக்டர் இன்னும் பத்து நாள் பார்க்கலாம் என்கிறார்.

வனமாலா


பெங்களூரு
ஜூலை 1

வனமாலா,

வெந்நீர் ஊற்றுகிறவள் சொன்னால் புரிகிறது, பன்னிரண்டு வருஷமாகக் கூட இருக்கிறவள் சொன்னால் புரிவதில்லை. இருக்கட்டும்.

உன் கூடைக்காரியை வேண்டா வெறுப்பாகத்தான் செய்தேன். சும்மா முன்னால் நடக்கிறவள் ஒருத்தியால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான். கிளியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லாமல் விட்டால் அசிங்கம். கிளி உட்கார்ந்திருந்த கம்பு வாய்க்காலுக்கு நேர் மேலே இருந்தது. அது பேசுவதை யாரும் படிக்கவில்லை. கிளி இருக்கிற இடத்துக்குப் போகச் சொல்கிறது என்று நினைத்து மூன்று பேர் கூடையோடு தண்ணீரில் குதித்தார்கள். மஞ்சப்பா இரண்டு முறை குதித்தார். “கிளிதானேம்மா கூப்பிட்டுச்சு?”

கூடைக்காரியைப் புதிதாக வரைய நேரமில்லை. நம் பெண்ணையே நகல் எடுத்தேன், புடவை நிறத்தை மாற்றினேன், தலைமுடியை நரைக்க வைத்தேன், முன்னால் நிறுத்தினேன். ஜெயம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் கீயைத் தட்டினார். இரண்டு பேரும் நடந்தார்கள். நிறுத்தினார். இரண்டு பேரும் நின்றார்கள். நகல் எடுத்தபோது, கீயைத் தட்டினால் நடக்க வேண்டும் என்ற கட்டளையும் கூடவே போயிருக்கிறது. அதை எடுக்க மறந்துவிட்டேன். சிரி, நன்றாகச் சிரி.

ஜெயம்மா என்ன செய்தார் தெரியுமா? வேண்டுமென்றே ஓடினார். இரண்டு கூடையும் சாய்ந்தது. நாய்க்குப் பக்கத்தில் இருந்தது கூடைக்காரிதான், அதனால் நாய் அவள் ரொட்டியின் மேல் பாய்ந்தது. அது தின்று முடிப்பதற்குள் இவர் நம் பெண்ணை மிச்சமிருந்த ரொட்டியோடு சத்தமில்லாமல் தாண்ட வைத்துவிட்டார்.

“பாவம், அந்தக் கிழவி ரொட்டியெல்லாம் போச்சே” என்றேன்.

“அவ ரொட்டி போனா எனக்கென்ன? என் வீட்டுக்காரர் அங்க பசியோட உக்காந்திருப்பாரு.”

மூன்று முறை விளையாடினார். ஏழு பேரில் இதுவரை ஒருவரும் மூன்று முறை விளையாடியதில்லை.

சரி செய்துவிடுகிறேன். ஆனால் ஆடுகள் மூன்றையும் வைத்துக்கொள்வேன். பின்னால் நிற்கும், நகராது. நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு.

குழந்தை எடையை எழுது.

ஸ்பூர்த்தி


தார்வாட்
ஜூலை 6

ஸ்பூர்த்தி,

நடக்கிறவளை நகல் எடுத்தால் கீயும் கூட வரும் என்று முதல் வாரம் கற்றுக்கொள்கிற பிள்ளைக்குத் தெரியும். உனக்கு அந்த வேலையில்தான் கெட்டிக்காரி என்று பெயர்.

கணக்காக எழுதுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படி. பெண் மூன்றாம் கட்டத்தில். கூடைக்காரி ஏழாம் கட்டத்தில், திரை திறக்கும் முன்பே நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வாய்க்கால் பதினொன்று. நாய் பதினாறு, முகம் நம் பக்கம். கூடைக்காரி நாயைத் தாண்டுகிற நேரம் நம் பெண் வாய்க்காலுக்கு வந்திருக்கக்கூடாது, முன்னதாக வந்துவிட்டால் பார்க்காமல் போய்விடுவார்கள். பானை, பலகை, பொம்மை, கிழவர், கிளி, எதுவும் வேண்டாம். ஆடு வேண்டாம். அசையாத ஆட்டை நீ எந்த ஊரில் பார்த்தாய்?

யார் எங்கே நிற்பது என்று யோசித்தவள் பெயர் வனமாலா என்று முதல் திரையிலேயே இருக்க வேண்டும். இதற்குப் பதில் எழுது.

ஊசி போட்டுவிட்டு வந்தோம், பாப்பாவுக்குக் காய்ச்சல். அம்மா எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்கிறாள். எல்லாப் பிள்ளையும் எனக்கு எதற்கு? எடை இருநூறு கிராம் கூடியிருக்கிறது.

வனமாலா


பெங்களூரு
ஜூலை 24

வனமாலா,

எடுத்துக்கொண்டார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் படித்துவிட்டு நீ தாளைக் கிழித்தாலும் இது தெரிந்திருக்கட்டும்.

புனேயிலிருந்து பாரஸ்னிஸ் என்று ஒருவர் வந்தார். நேரில் வந்து உட்கார்ந்துதான் பார்ப்பாராம். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நம் அறையைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். “ரெண்டு பேரா இத நடத்தறீங்க?” என்று கேட்ட தொனியில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அனுதாபம் இருந்தது.

உன் லெவலைக் கொடுத்தேன். ஆமாம், உன்னுடையது, கட்டம் பிசகாமல். ஆடுகூட இல்லை. கூடைக்காரியைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்காமல் பின்னாலேயே நடந்து முடித்தார். முகம் மாறியது. இரண்டாம் முறை திறக்கும்போது என் அவசரத்தில் பழைய கோப்பு திறந்துவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிற அது. அவரும் ஜெயம்மா செய்ததையே செய்தார். பெரிய கம்பெனி ஆள், கிழவியின் ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டு நழுவினார், சத்தமாகச் சிரித்தார். “இத ரெண்டாவது லெவலா வைங்க” என்றார்.

அப்புறம், “முதல் லெவல் யார் செஞ்சது?” என்று கேட்டார்.

நான்தான் என்று சொன்னேன்.

நீ கத்துவதற்கு முன்னால் கேள். செய்தவள் பிள்ளை பெற்று ஊரில் இருக்கிறாள், அக்டோபர் வரை வரமாட்டாள், போனைக்கூடத் தொடமாட்டாள் என்று சொன்னால் அந்த மூக்கு மறுபடியும் சுருங்கும். ஒப்பந்தம் தள்ளிப்போகும். அறையைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அவர்கள் அனுப்பப்போகும் ஒப்பந்தக் காகிதத்தில் லெவல் அமைப்பு என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். உன் நாற்காலி உனக்குத்தான், நான் வாக்கு மாறவில்லை. உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, காகிதத்தில் என் பெயர். நடைமுறைக்கு இது போதாதா?

ஹாசன்காரிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

ஸ்பூர்த்தி


தார்வாட்
ஆகஸ்ட் 2

ஸ்பூர்த்தி,

போதாது.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவிடம் சாவி கேட்டேன். கொடுக்கவில்லை. அப்பாவின் போனைக் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பாப்பா பிறந்ததிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. “அஞ்சு நிமிஷம். காதுல இருக்கிற பஞ்ச எடுக்கக்கூடாது” என்றாள். தலைத்துணிக்கு மேலேயே போனை அழுத்திக்கொண்டு புனேக்குப் பேசினேன், பாரஸ்னிஸே எடுத்தார். எண் அவர்கள் அனுப்பிய பழைய உறையின் பின்னால் இருந்தது.

“நான் ரொட்டிக் கூடையோட முதல் லெவலைச் செஞ்சவ பேசறேன்.”

“அது ஸ்பூர்த்தி மேடம் இல்லையா?”

“அவங்க கிளி வச்சவங்க. நீங்க பாக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கட்டம் கட்டமாகச் சொன்னேன். கூடைக்காரி ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை, நாய் ஏன் பதினாறில் இருக்கிறது, பதினைந்தில் வைத்தால் என்ன கெட்டுப்போகும். பாதியில் பாப்பா வீறிட்டாள்.

“என்ன சத்தம் அது?”

“என் பொண்ணு. மூணு மாசம் ஆகப்போகுது. அக்டோபர் வரைக்கும் இங்கதான் இருப்பேன். கம்ப்யூட்டர் தொடமாட்டேன்.”

மூக்கைச் சுருக்கினாரோ என்னவோ, போனில் தெரியவில்லை. “தொடாம ரெண்டாவது லெவல எப்படிச் செய்வீங்க?” என்றார்.

“முதல் லெவல எப்படிச் செஞ்சேனோ அப்படித்தான். தாள்ல.”

தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அப்பா எடுத்து அனுப்பினார், கட்டைவிரலும் சேர்ந்து விழுந்தது. முந்தா நாள் பதில் வந்தது. லெவல் அமைப்பு என்ற இடத்தில் என் பெயர். இயக்கம் என்ற இடத்தில் உன் பெயர். கையெழுத்துக்கு உனக்கும் தனியாக வரும். நாற்காலியை நீ எனக்குத் தர வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொள்.

இரண்டு பேரும் சேர்ந்து நடப்பது யாருடைய யோசனை என்றும் கேட்டார். அது யோசனையல்ல, தவறு என்றேன். யாருடைய தவறு என்றார். உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ஒரு தவறுகூட இன்னொருத்தி பெயரில் போகக்கூடாது என்று நினைக்கிறவள் நான். அதையும் காகிதத்தில் போடுகிறாராம், இரண்டாம் லெவலுக்கு உன் பெயரும் உண்டு.

பன்னிரண்டு வருஷத்தில் நீ என்னிடம் பொய் சொன்னதில்லை. இதையும் நீயே எழுதித்தான் எனக்குத் தெரிந்தது. எழுதாமல் இருந்திருந்தால் அக்டோபர் வரை நான் முட்டாளாக இருந்திருப்பேன். அதனால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. உன்னைப் பற்றி என்ன நினைப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்குக் கேவலமாகத்தான் நினைக்கிறேன்.

வரும் ஞாயிறு பாப்பாவைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கிறோம். நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். பத்தரைக்கு முகூர்த்தம். பெங்களூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தால் நேரத்துக்கு வர முடியாது, சனிக்கிழமையே கிளம்ப வேண்டியிருக்கும்.

வனமாலா